அப்பளப் பாட்டும் எஞ்சம்மந்தியும்

எம்பேரனும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் போட்ட பாட்டுங்கள்ல எனக்கு ரொம்பப் புடிச்சது அப்பளப் பாட்டுதான். புடிக்காம எப்பிடி, அதுல பாடறதே நான். ஆனா கேக்கறப்பல்லாம் வயிறு எரியுது. ஏன்னு சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

எம்பொண்ண காணிப்பாக்கத்துல குடுத்துக்கீறேன். கோயிலுக்குப் போற வழியில அவ மாமியார்க்காரி, எஞ்சம்மந்தி, தேங்காக் கட வெச்சிக்கீறா. பேரனுக்கு ஸ்ரீ சிட்டியில கம்பெனி வேல கெடச்சதும் விஜயபுரத்துக்கு எங்கூட வந்துட்டான். கம்பெனி பஸ்ஸு எங்கூரு வழியாத்தான் போவுது. எம்பொண்ணு ஒரு ஞாயித்துக்கெழம வுட்டு ஒரு ஞாயித்துக்கெழம வந்து, மவன் துணியத் தொவச்சிப் போட்டு, எனக்குத் தல வாரிட்டுப் போவா. அந்த ஞாயித்துக்கெழமைக்குத்தான் வேட்டு வெச்சானுங்க பசங்க.

ஷிப்டு முடிஞ்சி எறங்குனா வூட்டுக்கு வராதுங்க. பஸ் ஸ்டாப்பு ஷெட்டுலயே வட்டமா நின்னுக்கும். ஒருத்தன் வாயாலயே மோளம் அடிப்பான், எதிர்ல நிக்கறவன் மூஞ்சியெல்லாம் எச்சி. இன்னொருத்தன் டிபன் பாக்ஸத் தட்டுவான். எம்பேரன் கைய வெட்டி வெட்டி ஆட்டிக்கினு, கேண்டீன் சாம்பார்ல பருப்பத் தேடப் போன ஆளு இன்னும் திரும்பி வர்லன்னு தமிழ்ல ஆரம்பிச்சி தெலுங்குல முடிப்பான். ஊர்ல பாதிப் பேரு இதுங்களுக்குக் காத்து புட்ச்சிக்கிச்சின்னுதான் நெனச்சாங்க.

"இன்னாடா இது கூத்து?" ன்னேன்.

"ராப்பு ஆயா. அமெரிக்காவுலர்ந்து வந்துச்சி. எதிராளிய கிண்டல் பண்ணணும், தாளம் தப்பக் கூடாது. அப்பறம் அவன் திருப்பிக் குடுக்கணும்."

"போடா, அத்த உங்கம்மா கல்யாணத்துலயே நான் பண்ட்டேன்."

பையன் சிரிச்சான். எனக்குக் கோவம் வந்துச்சி. எங்க பக்கத்துல மாப்ள வூட்டுக்காரங்க பந்தியில குந்துனா, பொண்ணு வூட்டுப் பொம்பளைங்க பின்னால நின்னுக்கினு சம்மந்திய ஏசிப் பாடுவோம். அவ துன்றத, நடக்கறத, கட்டிக்கினு வந்த பொடவைய, ஒண்ணையும் வுட மாட்டோம். ஆனா ஏசுனா ஏசுனபடி வுட்டுடக் கூடாது. கடசியில எறக்கு வரின்னு ரெண்டு வரி பாடி, அவ வாயில சக்கர போடணும். அப்பறம் அவ எழுந்து நம்மள ஏசுவா, அவளும் எறக்குவா. எறக்காத வுட்டா அது பாட்டு இல்ல, சண்ட.

இந்த வெவரமெல்லாம் சொல்லி, அந்த ஷெட்டுலயே நின்னு பாடிக் காட்னேன்.

வந்தாங்க சம்மந்தி வண்டி கட்டி வந்தாங்க
குந்தச் சொன்ன பாயச் சுருட்டி கக்கத்துல வெச்சாங்க
எல போட்டா எல எங்க, சோறு போட்டா சோறெங்க
அப்பளத்த நொறுக்குனது அடுத்தூர்ல கேட்டுச்சுங்க

பசங்க வாயப் பொளந்துக்கினு நின்னுச்சுங்க. எம்பேரன் போன நீட்டிப் புட்ச்சிக்கினான். நான் எறக்கு வரியும் பாடி முடிச்சேன்.

ஏசுனது வாய்தானே, மனசுல இல்ல தாயே
பாசமா வந்தவளே பசியாறிப் போ தாயே

திருப்பதியில ராப்புப் போட்டின்னு என்னையும் இட்டுக்கினு போனானுங்க. ஒரு டிபன் ஓட்டலு மாடியில ஹாலு. அத்தினி பசங்க, ஒருத்தனுக்காவது பேண்ட்டு இடுப்புல நிக்கணுமே. எம்பாட்டப் போட்டானுங்க. "அப்பளத்த, அப்பளத்த, நொறுநொறு நொறுநொறு"ன்னு எங்கொரலையே பத்துத் துண்டாக்கி வுட்டுக்கினு, நடுவுல எம்பேரன் பேசறான். ஹாலே எகிறிக் குதிக்குது. நடுவரா குந்திக்கினு இருந்த தொப்பிக்காரன், "ஈ வாய்ஸ் எக்கட தொரிகிந்தி?" ன்னு கேக்கறான். எங்கேர்ந்து கெடச்சுதாம். நான் எதிர்லயே குந்திக்கீறேன்.

நான் எறக்கு வரிக்குக் காத்துக்கினு கீறேன். நொறுநொறுன்னு சொல்லி, பாட்டு அப்பிடியே நின்னு போச்சு.

"மீதி எங்கடா?"

"மூணு நிமிஷந்தான் குடுப்பாங்க ஆயா. அது கொஞ்சம் சோகமா இருந்துச்சி, வெட்டிட்டோம்."

ஏசுனத வெச்சிக்கினு எறக்குனத வெட்டிட்டானுங்க. கம்பெனியில ஒரு ஸ்குரூவு வுட்டா வேலய வுட்டுத் தொரத்திருப்பாங்க. இங்க என்னாத்த செய்யறது, பாட்டு அன்னிக்கே போனு போனா பூடுச்சி. சித்தூரு பஸ்ஸுல ஓடுது, ஷேர் ஆட்டோவுல ஓடுது. காணிப்பாக்கத்துக்கும் பூடுச்சி.

எம்பொண்ணு போன் பண்ணா. கொரலே சரியில்ல.

"யம்மா, தேங்கா வாங்க வர்றவன்லாம் அப்பளம் கீதான்னு கேக்கறான். எம்மாமியாரு ரெண்டு நாளா கட தொறக்கல. இனிமே அந்த வூட்டுப் படி யாரும் மெரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"நான் எறக்குனேன்டி. உம்மவந்தான் வெட்டிட்டான்."

"அத்த நீ அவங்ககிட்ட சொல்லு. நான் இந்த வூட்லதான வாழணும்."

அவ வர வேண்டிய ஞாயித்துக்கெழம வர்ல. அதுக்கு அடுத்ததும் வர்ல. தலையில சிக்கு வுழுந்து போச்சு. பேரன் அழுக்குச் சட்டையோட ஷிப்டுக்குப் போறான். நான் சம்மந்திக்குப் போன் போட்டா கட் பண்றா.

"போடா, உங்க நைனாவப் பெத்தவதான அவ. போய் அவ கால்ல வுழு" ன்னு அனுப்புனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தான், நான் அவன் கூட்டாளிங்களோட ஷெட்டுலயே காத்துக்கினு இருந்தேன். மூஞ்சியில சிரிப்ப அடக்கிக்கினு நிக்கறான்.

"அந்த ஆயாவுக்கு நீ ஏசுனதுல கோவமே இல்ல."

"அப்பறம் இன்னாவாம்?"

"கல்யாணத்தன்னிக்கு அவங்க மொற வர்லியாமே."

அப்பத்தான் எனக்கு உறைச்சிச்சி. அன்னிக்கி நாங்க பாடி, எறக்கி, சக்கரையும் போட்டாச்சு. அவ எழுந்து தொண்டையக் கனச்சா பாரு, கொட்டுச்சி மழ. பந்தலு பிச்சிக்கினு போச்சு, எலையோட சோறு மெதந்துச்சி, ஆளாளுக்கு ஓடுனாங்க. அவ மொற அவ தொண்டையிலயே நின்னு போச்சு. அத்த இத்தினி வருசமா உள்ளயே வெச்சிக்கினு, என்னப் பாத்தா சிரிச்சிக்கினு இருந்துக்கீறா. இப்ப எம்மொறையே ரெண்டாந்தபா ஊரு பூரா ஓடுனா அவளுக்கு எரியாதா?

பேரன் போன அமுத்துனான். சம்மந்தி கொரலு.

அப்பளம் நொறுக்குனேன், ஆமா நான் நொறுக்குனேன்
சோத்துல கல்லு வதினா, அத்தயும்தான் நொறுக்குனேன்
பக்கெட்டுல பாயசம்னு பந்தியில ஊத்துனாங்க
முந்திரியத் தேடிப் பாத்தா எம்மூஞ்சிதான் தெரிஞ்சுது

ஷெட்டுல இருந்த பசங்க தரையில பொரண்டு சிரிச்சிதுங்க. டிபன் பாக்ஸ் தட்டறவனுக்குக் கண்ணுல தண்ணி. நான் கேக்கறேன், இது அடுக்குமா? முந்திரிய நானே கையால நெய்யில வறுத்து எடுத்துக் குடுத்தேன். சமையல்காரன் எங்க ஒளிச்சானோ, பழி என் தலையில. அதுவும் இன்னிக்கி வரைக்கும் என்னை 'சம்மந்திம்மா'ன்னு மரியாதையா கூப்ட்டவ, பாட்டுல மட்டும் அண்ணின்றத 'வதினா'ன்னு தெலுங்குல கொஞ்சறா.

"எறக்கு வரி எங்கடா? அத்தயும் வெட்டிட்டியா?"

"இல்ல ஆயா, அவங்களே பாடல. ஒங்க ஆயா நேர்ல வந்தா எறக்கறேன், சக்கர எடுத்து வெச்சிக்கீறேன்னு சொல்லச் சொன்னாங்க."

எவ்ளோ திமிரு பாருங்க. எங்க கத்துக்கினாளோ தெரியல, ராப்புக்காரனுங்களே தோத்தானுங்க. அதுக்குள்ள பாயசப் பாட்டும் பஸ்ஸுல ஓட ஆரம்பிச்சிடுச்சி. கடலக்கா பறிக்கப் போனா, "ஆயா, முந்திரி கீதா?" ன்னு கேக்கறாளுங்க. அப்பளத்த வுட அதுதான் இப்ப ஜாஸ்தி ஓடுதாம். எனக்கு இன்னமும் எம்பாட்டுதான் ஒசத்தி.

ஞாயித்துக்கெழம காலம்பற சந்தக்கடையில முந்திரி வாங்கி மடியில முடிஞ்சிக்கினேன். உடைச்சது இல்ல, முழுசு. பேரன இட்டுக்கினு காணிப்பாக்கத்துல எறங்கறேன், தேங்காக் கட தொறந்து கீது. சம்மந்தி குந்திக்கினு கீறா, பக்கத்துல சக்கர டப்பா. எம்பொண்ணு ஓடியாந்து மொதல்ல என் தலயத்தான் தொட்டுப் பாத்தா.

"இன்னாம்மா, காக்கா கூடாட்டம் கீது."

சம்மந்தி எழுந்து தொண்டையக் கனச்சா. நான் மானத்தப் பாத்தேன், மேகம் ஒண்ணும் இல்ல. பேரங்கிட்ட சொன்னேன், "போன நல்லாப் புடி. இந்த தபா நடுவுல வெட்டுன, ரெண்டு ஆயாவும் சேந்து உன்ன ஏசுவோம், எறக்கவே மாட்டோம்."