ஒரே ஆள் ஓட்டும் ரயில்

சேஷகிரியைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பதினான்கு வருஷம் அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். அவர் மின்விசிறி, மோட்டார், ரேடியோ என்று கரண்டில் ஓடும் எதையும் பழுது பார்ப்பவர். இன்ஃபன்ட்ரி ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் அவர் இருமினால் எனக்குக் கேட்கும். எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேஷகிரியின் அப்பா மைசூர் சமஸ்தானத்துக் கச்சேரியில் தலைமை குமாஸ்தா. மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு. பிள்ளையையும் அதே கச்சேரியில் சேர்த்துவிட்டால், அவர் ஃபைலை மூடிவைத்துவிட்டு ஆபீஸ் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். மனைவி கோமளம் ஐம்பத்தொன்றில் டைபாய்டில் போய்விட்டாள். குழந்தை இல்லை. மறுகல்யாணப் பேச்செடுத்த சொந்தக்காரர்களை ஒரு முறை முறைத்தார். அதோடு அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நாற்பத்தேழில் வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டியபோது, ஒரு மேஜர் தன் பொம்மை ரயில் முழுவதையும் இவர் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார். சாவி கொடுத்தால் ஓடும் இஞ்சின் இரண்டு, கரண்டில் ஓடுவது ஒன்று, பெட்டி பெட்டியாகத் தண்டவாளம். பொம்மை என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "மாடல்னு சொல்லுங்கோ" என்பார். ஊரில் இப்படி ரயில் வைத்திருந்தவர்கள் உதிரிச் சாமானுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். சீமையிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் கிடையாது. இவர் சிக்பேட்டை லேத்காரர் ஒருவரிடம் சக்கரம் கடைந்து வாங்கினார். டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கம்பிச் சுருள் வைத்த கன்ட்ரோல் பெட்டிகளைச் செய்தார். என்னென்ன கிடைக்கும் என்று கையால் எழுதிய பட்டியலைத் தபாலில் அனுப்பினார். கோலார் தங்கவயலில் ஓர் என்ஜினீயர், குன்னூரில் ஒரு டாக்டர், ஒரு பாதிரியார் என்று மொத்தம் பதினோரு பேர் வாங்கினார்கள். சிலர் லண்டனுக்குப் போனார்கள், டாக்டர் செத்துப்போனார், மற்றவர்களுக்கு அலுத்துப்போனது. ஐம்பத்தைந்தில் மிச்சமிருந்தவர் ஆஸ்டின் டவுன் யூஜின் ஒருவர்தான்.

யூஜின் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவரும் மனைவியை இழந்தவர். ஒரே மகள் கரக்பூரில். ஜோலார்பேட்டை லைனில் ஆளில்லாத ஸ்டேஷன்களாகப் பார்த்து அவரைப் போட்டு முப்பது வருஷம் வேலை வாங்கியிருந்தார்கள். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் தெரியாது, அவர் அடிக்கும் மணி மட்டும் தெரியும் என்பார். வீட்டின் முன்னறையில் அந்த லைனையே குட்டியாகப் போட்டுவைத்திருந்தார். ஒரு கோடியில் கன்டோன்மென்ட், மறு கோடியில் ஜோலார்பேட்டை. இரண்டு பக்கமும் சேஷகிரி செய்த கன்ட்ரோல் பெட்டி ஒவ்வொன்று. ஒரு பெட்டியின் கரண்டு பாதி அறைக்குத்தான் போகும். நடுவில் தண்டவாளத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதைத் தாண்டியதும் ரயில் அடுத்தவர் கைக்குப் போய்விடும். இருவரும் ஒரே வேகத்தில் பிடித்திருந்தால்தான் குலுங்காமல் தாண்டும். ஆகவே இதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

ஞாயிறு நான்கு மணிக்கு சேஷகிரி அந்த அறையின் ஜோலார்பேட்டைக் கோடியில் உட்காருவார். ரயில் ஓடும்போது பேசக் கூடாது என்பது யூஜின் போட்ட சட்டம். லைன் கிளியர், அதாவது ரயிலை அனுப்ப அனுமதி, கேட்க மணி, கொடுக்க மணி. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு கிழங்களும் மணியடித்துக்கொள்வதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். முதல் வருஷம் சேஷகிரி ஃபிளாஸ்கில் தன் வீட்டுக் காப்பி கொண்டுபோனார். மூன்றாம் வருஷம் யூஜின் வீட்டு டீயைக் குடித்தார். அதைத் திங்கட்கிழமை காலையில் என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். வாரம் முழுவதிலும் அவருக்காக ஒரு மனிதர் காத்திருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அது போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

அறுபத்தொன்றில் யூஜின் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையுடன் கடைக்கு வந்தார்.

"சார், டிரான்சிஸ்டர் வச்சு பண்றாங்களாம். ஒரே பெட்டி, ஒரே ஆளு, ரெண்டு ஸ்டேஷனையும் ஓட்டலாமாம். உங்களால முடியுமா?"

"முடியாதுன்னு யார் சொன்னா?"

அங்கேதான் மனுஷன் ஏமாந்தார். முடியுமா என்று கேட்டால் அவருக்குப் போதும், எதற்கு என்று கேட்க மாட்டார். மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தார். ஒரு கைப்பிடி, எட்டு ஸ்விட்ச். எறும்பு ஊர்வது போல இஞ்சின் நகர்ந்ததை எனக்கு ஓட்டிக் காட்டினார். நானும் பலே என்றேன்.

பெட்டியைப் பொருத்திய ஞாயிறு யூஜின் தனியாக முழு லைனையும் ஓட்டினார். சேஷகிரி கை கட்டி நின்று பார்த்தார். அடுத்த ஞாயிறும் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தார். "போர் அடிக்குதா சார்?" என்று யூஜின் இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் ஞாயிறு போகவில்லை. வேலை இல்லாத இடத்துக்குக் கூப்பிடாமல் எப்படிப் போவது என்றார் என்னிடம். யூஜினும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தபால் கார்டு போதும். இரண்டு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் பெட்டி ஓடவில்லை என்று யூஜின் தூக்கிக்கொண்டு வந்தார். சேஷகிரி திறந்து பார்த்தார்.

"டிரான்சிஸ்டர் போயிடுத்து. பம்பாயிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் பழைய பெட்டிகளையே மாட்டிடலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சார்."

ஆறு ஞாயிறு போனார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தது கேட்டது. சுருதி சேராது. நான் பொறுத்துக்கொண்டேன்.

ஏழாவது வாரம் சனிக்கிழமை யூஜின் ஒரு பார்சலோடு வந்தார். மருமகன் கல்கத்தாவில் தேடிப் பிடித்து அந்த டிரான்சிஸ்டரை அனுப்பியிருந்தார். "இப்பவே போட்டுக் குடுத்துடுங்க சார்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சேஷகிரி பெட்டியைத் திறந்தார். ஒயரைப் பற்றவைக்கும் சால்டர் கோலைக் கையில் எடுத்து, அப்படியே வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். ஆறு வாரம் வாயால் பொய் சொல்ல முடிந்தது. கையால் முடியவில்லை. பெட்டியைப் பிளக்கில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது.

"எப்ப சரியாச்சு சார்?"

"நீங்க கொண்டுவந்த அன்னிக்கே. ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் சார்..."

"ஞாயித்துக்கிழமை வரணுமே. அதுக்குத்தான்."

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அய்யோ சார்" என்றார் யூஜின். "அந்தப் பெட்டிய நான் எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க? இடுப்பப் புடிச்சிக்கிட்டு ரெண்டு பஸ்சு மாறி வர்றீங்க. போதும்னு உங்க வாயால சொல்ல மாட்டீங்க. நானா உங்கள விட்டுடணும்னுதான் கேட்டேன். ஒண்டியா ஓட்ட எனக்கு என்ன ஆசையா? சர்வீஸ் பூரா ஒண்டியாத்தானே இருந்தேன்."

"அப்புறம் ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாமே."

"நீங்க ஒரு தரம் வந்திருக்கலாமே."

பிறகு யூஜின்தான் மெல்லச் சொன்னார்.

"நீங்க வராத அந்த ரெண்டு மாசத்துலதான் மகளுக்கு எழுதிப் போட்டேன், அங்கயே வந்துடறேன்னு. ஞாயித்துக்கிழமை கூட ஆள் வராத வீட்டுல இருந்து என்ன பண்றது? வீட்ட காலி பண்றேன்னு ஓனர்கிட்ட சொல்லியாச்சு. வேற ஆளும் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. நாளைக்கு தண்டவாளத்தக் கழட்டணும், புதன்கிழமை ரயிலு. ஆறு வாரமா சொல்லணும் சொல்லணும்னு வாய் வரல சார்."

"அப்போ இந்தப் பெட்டி?"

"அங்க ஒண்டியாத்தானே ஓட்டணும்."

சேஷகிரி பெட்டியை மூடி, நாலு திருகாணியையும் இறுக்கி, பழைய பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். கட்டுவதற்கு வெகுநேரம் ஆனது. புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சட்டம் போட்டு வைத்திருந்த ஒரு கல்யாணப் படத்தை எடுத்துப்போக நான் சந்துக்கு வந்தேன். கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. சேஷகிரியின் கடை மட்டும் திறந்திருந்தது. மேஜையில் வேலை ஒன்றும் இல்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இன்னைக்கு லீவு இல்லையா?" என்றேன்.

"யாராவது வருவாளோன்னு திறந்து வெச்சேன். வாங்கோ, உட்காருங்கோ."

படத்துக்காக ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். அப்படி யாரும் காத்திருக்கவில்லை.