ஆடிக் குளிரில் மூன்று முழுக்கு

நகரசபைக்கு நாங்கள் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி: நீந்தும் தூரம் எவ்வளவு? நான் பூச்சியம் என்று எழுதினேன். மாநில அரசின் அனுமதிப்பத்திரப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம் ஒரு விண்ணப்பத்தை எத்தனை கிழமை தூங்கவைக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்படித் தூங்கவைத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு நாள் கழித்து நகரசபையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நீச்சல் நிகழ்ச்சி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தூரம் எப்படிப் பூச்சியமாகும் என்று கேட்டாள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது, இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று தரம் முழுகுவார்கள் என்றேன். பிறகு என்றாள். பிறகு கூழ் குடிப்பார்கள் என்றேன். அவள் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. சூடான உணவு வழங்குவதற்கு வேறு படிவம் இருக்கிறது என்றாள். அதையும் நிரப்பி இதனுடனேயே இணைத்திருக்கிறேன் என்றேன். அவள் என்னை மதிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மெல்பேர்னில் ஜூலை மாதத்துக் கடலில் தமிழர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மச்சானைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. நான் படிப்பைக் காட்டி, குடிவரவுக்கான புள்ளி எடுத்து, விமானத்தில் வந்தவன். அவன் பல வருடம் பிந்தி, அகதியாக வந்து, டண்டினொங் என்ற புறநகரில் ஒரு பண்டசாலையில் பெட்டி அடுக்கினான். தற்காலிக விசா. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அந்த நிலையில்தான் ஊரில் என் மாமனார் செத்துப்போனார். எனக்கும் மனைவிக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை இருந்தும் போக முடியவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது, ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. ஒரே மகன் இங்கே பெட்டி அடுக்க, அங்கே பக்கத்து வளவுக்காரர் ஒருவர் கொள்ளி வைத்தார்.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசையில் கடலில் முழுகுவது எங்கள் வழக்கம். அடுத்த ஆடி அமாவாசை வந்தபோது, மச்சான் வேலைக்குப் போகும் வழியில், வேட்டி கட்டிக்கொண்டு, பத்துப் பாகைக் குளிரில் தனியே குடாக்கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு பெட்டி அடுக்கப் போனான். எங்கள் சமூகத்தின் அறக்கொடை நீச்சலுடைய வரலாறு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெட்கத்தால் வந்தது.

மறு வருடம் அவனோடு வேலை செய்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கடற்கரையில் ரப்பர்த் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பாட்டிமார் சிலர் குளிர்காலம் முழுவதும் நீந்துவார்கள். வேட்டியோடு மூன்று பேர் நடுங்கி நடுங்கி இறங்குவதைக் கண்டதும் அவர்கள் கைதட்டினார்கள். கரையேறியதும் ஒருத்தி வந்து, அருமை, எந்த நல்ல காரியத்துக்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிற மனுசியிடம் செத்த வீட்டுக் கதையைச் சொல்வது மரியாதையில்லை என்று மச்சானின் கூட்டாளி ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக என்று சொல்லிவிட்டான். அவள் கார் வரை ஓடிப்போய் ஐம்பது டொலர் தாளோடு வந்தாள்.

அதைத் திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை, சட்டைப்பைக்குள் வைக்கவும் மனமில்லை. தங்கள் கைக்காசையும் போட்டு, மூன்று பேருமாக ரயில் ஏறிப் போய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார்கள். வேறு எந்தச் சனமாக இருந்தாலும் சொன்ன பொய்யைத் திருத்தியிருக்கும். எங்கள் ஆட்கள் அந்தப் பொய்யை வருடா வருடம் உண்மையாக்கிக் காட்டத் தொடங்கினார்கள். பாட்டிமார் அடுத்த வருடம் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த வருடம் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேர் என்றால் படிவம் வேண்டும். படிவம் என்றால் நான்.

கமிட்டி போட்டோம். அடுத்த வருடத்து அமாவாசை செவ்வாய்க்கிழமை வந்தது. ஆட்களுக்கு லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவோம் என்றார்கள். பிறகு பெண்கள், வருகிறவர்களுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆடிக்கூழ் ஆடி முதல் நாளுக்கு உரியது, அமாவாசை விரத நாள். ஆகவே ஆடிப் பிறப்புக்குக் கிட்டிய ஞாயிறு என்று தீர்மானம் எழுதினேன். பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்ட கூழ், மேளம், முகத்தில் சாயம் பூசிய பிள்ளைகள், படம் பிடிக்க வரும் அரசியல்வாதி. ஒரு துக்கத்தை இரண்டு தீர்மானத்தில் திருவிழாவாக்கிவிட்டோம்.

அன்றைய கூட்டத்தில் மச்சான் ஒரு கேள்விதான் கேட்டான்.

"அமாவாசையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினது சந்திரனுக்குத் தெரியுமோ? கடிதம் கிடிதம் போட்டனியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வாக்கெடுப்பில் கை தூக்கவில்லை. அதற்குப் பிறகு வருடத்தில் இரண்டு தரம் கடலில் இறங்கினான்: ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்காக, அமாவாசையன்று தகப்பனுக்காக.

சில வருடங்களுக்கு முன் நீச்சலன்று முதியவர் ஒருவர் தண்ணீருக்குள் மயங்கி விழுந்தார். உடனே நான் ஒரு விதி சேர்த்தேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வைத்தியரின் கடிதம் இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. நல்ல விதி. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில், எழுபத்தொரு வயதில், மச்சானுக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இதய வைத்தியரிடம் கடைசியாகப் போனபோது நானும் கூட இருந்தேன். இனிக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் அவர். மச்சான் தன் ஆங்கிலத்தில், மூன்று முழுக்குத்தான், எல்லாமாகப் பத்து விநாடிகூட வராது என்று பேரம் பேசினான். உங்கள் இதயத்துக்கு முதல் விநாடியே போதும் என்றார் வைத்தியர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி என்னிடம், "அண்ணாவைத் தண்ணிக்குள்ளை விடாதேங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டார். உங்கடை விதியளுக்காவது அடங்குவார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அடங்கினான். பதிவு மேசையில் எங்கள் செயலாளர் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரப் பெண், கணினித் துறையில் வேலை. அவள் ஐபேடைத் தடவிக்கொண்டே, "அங்கிள், டாக்டர் லெட்டர் இருக்கா?" என்று கேட்டாள்.

"பிள்ளை, இந்தக் கூத்தைத் தொடங்கினதே நான்தான்."

"தெரியும் அங்கிள். அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்லையே. லெட்டர் இல்லாம தண்ணில இறங்க ரிஸ்ட்பேண்ட் தரக்கூடாதுன்னு இந்த அங்கிள்தான் ரூல் போட்டாங்க" என்று என்னைக் கை காட்டினாள்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். "வடிவா எழுதியிருக்கிறாய் மச்சான். ஒரு ஓட்டைகூட இல்லை."

போய் ஒரு கதிரையில் உட்கார்ந்து, கரையேறியவர்களுக்குக் கூழ் வார்த்துக் கொடுத்தான். என் உத்தியோக காலம் முழுவதிலும் ஒரு விதி இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததை நான் கண்டதில்லை.

அமாவாசை ஒரு புதன்கிழமை வந்தது. காலையில் மனைவி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் முன் அறைக்குமாக நடந்தாள். "அண்ணா போன் எடுக்கிறாரில்லை." நான் கார்த் திறப்பை எடுத்தேன்.

கடற்கரையில் அவனுடைய கார் நின்றது. மணலில் குளிர் ஜாக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் மூக்குக்கண்ணாடி. மச்சான் முழங்காலளவு தண்ணீரில், வேட்டியோடு, வெறும் மேலுடன் நின்றான். நெஞ்சு நீலம் பாரித்திருந்தது. காற்று முகத்தில் அறைந்தது.

"மச்சான், வெளியிலை வா!"

"ஏன், இதுக்கும் படிவம் இருக்கோ?"

"பகிடியை விடு. டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டருக்குத் தேப்பன் உயிரோடை இருக்கிறார் போலை" என்று சொல்லிவிட்டு இன்னும் ஆழத்துக்கு நடந்தான்.

அவசர இலக்கத்தை அழைக்கலாமா என்று யோசித்தேன். அழைத்து என்ன சொல்வது? ஒரு மனிதன் கடலில் குளிக்கிறான் என்றா? தன் புத்தியில் இருக்கிற வளர்ந்த மனிதன், பொதுக் கடற்கரையில், தடை இல்லாத நாளில். இப்படி ஒரு அழைப்பு என் மேசைக்கு வந்திருந்தால், மன்னிக்கவும், இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று நானே சொல்லியிருப்பேன். இந்த மாநிலத்தில் எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகம், எந்தப் படிவம், எத்தனை பிரதி என்று எனக்குத் தெரியும். இந்த மனிதனை அந்தத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க எதுவுமே இல்லை. எனக்கு நீந்தவும் தெரியாது.

"உன்ரை தங்கச்சி அழுதுகொண்டிருக்கிறாள்!" என்று கத்தினேன். அது பொய்.

அவன் திரும்பிப் பார்த்தான். "நான் அவருக்குக் கொள்ளி வைக்கேல்லை, மச்சான். வருத்தமாய்ப் படுத்தவரைப் பார்க்கேல்லை. ஒரு சோடா வாங்கிக் குடுக்கேல்லை. செய்தது இது ஒண்டுதான். இதையும் விடு எண்டு சொல்லுறியோ?"

அவன் தெற்குப் பக்கம் திரும்பி, தண்ணீரை அள்ளி விட்டு, முதல் முழுக்குப் போட்டான்.

எழும்பியபோது வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. பிறகு ஒரு பெரிய சத்தத்தோடு இழுத்தான். இரண்டாவது முழுக்கு. எழும்பினான். ஆனால் நிமிர முடியவில்லை. கால் விறைத்துப்போய், கைகளைத் தண்ணீரின்மேல் விரித்துக்கொண்டு அப்படியே ஆடி ஆடி நின்றான்.

நான் மேலங்கியை மணலில் எறிந்துவிட்டு, சப்பாத்தோடு இறங்கினேன். அந்தக் குளிரை வர்ணிக்க எனக்குத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் அவனை எட்டிவிட்டேன். அவனை இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்துப் பிடித்தேன். அவனுடைய நெஞ்சு என் கையில் அடித்தது. சீரில்லாமல், நின்று நின்று அடித்தது.

"வா, போவம்."

"இன்னும் ஒண்டு இருக்கு."

"உனக்கு விசரே?"

"எனக்குத் தனியக் குனிய ஏலாது. பிடி." பற்கள் அடித்துக்கொண்டதில் அவனுக்குச் சொல்லே வரவில்லை. ஆனாலும் ஒரு சிரிப்பு வந்தது. "வந்ததுதான் வந்தாய், உன்ரை கொப்பருக்கும் ஒண்டு போடன். வருசா வருசம் கோயிலிலை ஐயரிட்டைக் காசைக் கட்டி ரசீது வாங்கி முடிக்கிறனி."

அவனை அப்படியே கரைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். என்னிலும் மெலிந்தவன். இழுத்திருந்தால் வந்திருப்பான். வந்து, அதற்குப் பிறகு என்னோடு கதைத்துமிருப்பான், வழக்கம்போலப் பகிடியும் விட்டிருப்பான். அதை எப்படித் தாங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனை அணைத்தபடி முழங்காலை மடித்தேன். அவனுடைய தலை உள்ளே போயிற்று. வைத்தியர் சொன்ன அந்த விநாடியை நானே, என் இரண்டு கைகளாலும், அவனுக்குக் கொடுத்தேன். பிறகு தூக்கினேன்.

காரில் ஹீட்டரை முழுதாகப் போட்டேன். என் மேலங்கியையும் அவன் ஜாக்கெட்டையும் அவனுக்குச் சுற்றினேன். உதடு கருத்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் குனிந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற சந்தியில் அவன் கண் திறக்காமலே, "வீட்டை போ" என்றான். போகக் கூடாது என்று தெரிந்தும் வீட்டுப் பக்கமே திருப்பினேன்.

மனைவி வாசலில் நின்றாள். உடுப்பெல்லாம் நீர் சொட்டிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தாள். என் தோளில் சாய்ந்து நிற்கும் அண்ணனைப் பார்த்தாள். அவனுடைய கையைப் பிடித்துச் சூடு பார்த்தாள், நாடி பார்த்தாள், கதிரையில் இருத்திப் போர்வையால் மூடினாள். குசினியில் கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. நான் சொல்லவேண்டியதையெல்லாம் வரிசையாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்: நான் போகும்போதே இறங்கிவிட்டான், நான் கத்தினேன், எனக்கு நீந்தத் தெரியாது.

அவள் துவாயை என்னிடம் நீட்டினாள். அண்ணனுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பாவுக்கு மூண்டும் போட்டவரோ?"

"ஓம்" என்றேன்.