நகராத புள்ளி

அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, படைமுகாமில் 'இன்னொருதரம்' என்றே பெயர். எந்தத் தகவல் வந்தாலும் "இன்னொருதரம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். அக்காவிடமே கல்யாணத்துக்கு இரண்டு முறை சம்மதம் கேட்ட ஆள் அவர்.

கட்டுப்பாட்டு அறையில் சுவரளவு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் செங்கல் அளவில் ஒரு கருவி உண்டு. அது எங்கே இருக்கிறதோ, அங்கே திரையில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அதே படம்தான் பீரங்கிக்காரர்களிடமும் மேலதிகாரியின் மேசையிலும் ஓடும். பேட்டரி தீர்ந்து ஒரு புள்ளி அணைந்தால் போதும், மேலதிகாரி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். திட்டு வாங்கி அலுத்துப்போன அத்தான், 'எந்தப் புள்ளியும் அணையக் கூடாது. பேட்டரி குறைந்தால் உடனே சார்ஜில் போடவும்' என்று எழுதி, எல்லா டிரைவர்களிடமும் கையெழுத்து வாங்கினார். அதன் பிறகு ஒரு புள்ளிகூட அணையவில்லை. அத்தானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு பயிற்சி நாள், பகல் பதினொரு மணி. மலைச்சரிவில் பீரங்கி சுட வேண்டும். சரிவில் ஒரு புள்ளியும் இல்லை.

"எல்லா வண்டியும் வெளிய வந்தாச்சு. ஆரம்பிக்கலாம்ல?" என்றார் மேலதிகாரி.

அத்தானின் கண் தண்ணீர் லாரியின் புள்ளியில் நின்றது. முகாம் வாசலில் முக்கால் மணி நேரமாக இம்மியும் நகராமல் இருந்தது. அந்த டிரைவரோ ஓர் இடத்தில் கால் தரிக்காத மனிதர். ரேடியோவில் கூப்பிட்டார். பதில் இல்லை.

"சார், கொஞ்சம் பொறுங்க. தண்ணி லாரிக்காரர் குரலைக் கேட்டுடறேன்."

"அதான் கண்ணுக்கு நேரா தெரியுதேய்யா!"

"தெரியுது சார். குரல்தான் கேக்கல."

மேலதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கொடுத்தார். அத்தான் வாசல் காவல் அறைக்குப் போன் செய்தார்.

"லாரி அங்க இருக்கா?"

"அது போயி முக்கால் மணி நேரமாச்சுண்ணே. கருவி மட்டும் இங்க சார்ஜ் ஏறிட்டிருக்கு."

"நிறுத்துங்க சார்!" அவர் கத்தி அந்த அறை கேட்டது அன்றுதான். ஜீப் போய்ப் பார்த்தபோது, லாரி சரிவின் நடுவே பஞ்சராகி நின்றது. டிரைவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டிரைவர் அத்தான் வீட்டுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளைகளுக்கு அப்பன் இருக்கான்னா அது உங்களாலண்ணே."

"அது சரி, கருவிய ஏன்யா விட்டுட்டுப் போனே?"

"பேட்டரி குறைஞ்சிருந்துச்சு. எடுத்துட்டுப் போனா நடுவழியில புள்ளி அணைஞ்சிடும். அணையக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

அத்தான் இன்னொருதரம் சொல்லச் சொல்லவில்லை.

மறுநாள் பாராட்டுக் கடிதத்தோடு மேலதிகாரி கூப்பிட்டார். அத்தான் அதைத் தொடவில்லை. டிரைவர்களின் கையெழுத்து வரிசையாக இருந்த தன் தாளை மேசையில் வைத்தார்.

"அவரப் புள்ளி இல்லாம அங்க அனுப்பினதே நான்தான் சார்."