எரிந்துபோன பலகை

காட்டுக் குடிசையை விட்டுக் கிளம்புகிறவர், அடுத்து வருபவருக்காக விறகைப் பிளந்து அடுப்பருகே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதை மறந்தவன் மனிதனே இல்லை என்பார் தவ்னோ. பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கிறவர். சொன்னதோடு விட்டாரா? அதையே பலகையில் செதுக்கி, ஏரிக்கரைக் குடிசையின் சுவரில் ஆணியடித்தும் வைத்தார். ஊருக்குப் புத்தி சொல்வதில் மனிதருக்கு அப்படியோர் ஆசை.

அப்பேர்ப்பட்டவர் அங்கே மீன் பிடிக்கப் போன அன்று, ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்கிவிடுமே என்று எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். அவருடைய அணி தோற்றதுதான் மிச்சம்.

மறுநாள் மாலை பனிப்புயல் ஜன்னலை அறைந்தது. மனைவி ஐலா காப்பியை நீட்டியபடி சொன்னாள்: "பனிச்சறுக்குக்கு ஹெல்சிங்கியிலேருந்து ஒரு ஜோடி வந்துச்சே, அதுங்க ஏரிக்கரைக் குடிசைக்குத்தான் போயிருக்குங்க. நல்லவேளை, அங்க விறகாவது இருக்கும்."

தவ்னோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஐலா... நான் பிளந்து வைக்கல."

"யாரு, நீங்களா? பலகை எழுதி மாட்டுன மகராசனா?"

இரண்டு உயிர் போனால் அது தன்னால்தான் என்று தவ்னோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. விடியற்காலையில் புயல் ஓய்ந்ததும் பனிவண்டியைக் கிளப்பினார். மேட்டில் ஏறிப் பார்த்தால் குடிசையின் புகைபோக்கியில் புகை. வண்டியை நிறுத்திவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அப்படியொரு நிம்மதி.

கதவைத் திறந்த இளம்பெண் ரீக்கா அவரை உள்ளே அழைத்தாள். கணவன் அடுப்பருகே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"வந்து பாத்தா எல்லாம் முழுக்கட்டை. பத்தவே மாட்டேங்குது. கோடாலி இருக்கிற கொட்டகை பனியில மூடிப்போச்சு. கடைசியில சுவத்துப் பலகையை மிதிச்சு ஒடிச்சுத்தான் தீ மூட்டுனோம். எந்த மடையன் இப்படிப் போட்டுட்டுப் போனான்னு ராத்திரி பூரா திட்டுனோம்."

"இன்னும் நாலு திட்டும்மா. அந்த மடையன் நான்தான்."

"ஐயையோ! அப்ப அந்தப் பலகை?"

"அதுவும் நான் எழுதுனதுதான்."

ரீக்கா சிரித்த சிரிப்பில் கணவன் விழித்துக்கொண்டான். தவ்னோவும் சிரித்தார். அப்போதுதான் அடுப்பருகே அழகாகப் பிளந்து அடுக்கியிருந்த விறகு அவர் கண்ணில் பட்டது.

"இதை எப்பம்மா பிளந்தீங்க?"

"புயல் நின்னதும் கொட்டகையைத் தோண்டிக் கோடாலியை எடுத்தோம். பலகையைப் படிச்சுட்டுத்தானே எரிச்சோம்."