மங்குக்குக் களிம்பு கலக்கிய காலம்

கம்பவுண்டர் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: காய்ச்சல் வந்தவர் டாக்டரைத் தேடி வருவார், முகத்தில் கரும்புள்ளி வந்தவர் டாக்டர் இல்லாத நேரம் பார்த்துக் கம்பவுண்டரைத் தேடி வருவார். இதற்கெல்லாமா டாக்டரிடம் போவது என்ற வெட்கம்தான். ஐம்பதுகளின் கடைசியில் பூனாவில், கசார்வாடியில் பம்பாய் ரோட்டோரம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கோமதி தலைப்பிரசவத்துக்குத் தென்காசி போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியும் நான் இன்னும் பார்க்கவில்லை. பிழைப்புக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டுவந்தவரா நீங்கள்? அப்படியானால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்!

ஒரு சாயங்காலம் மராத்திக்கார அம்மாள் ஒருத்தி மருந்து ஜன்னலருகே வந்து நின்று, "வாங்" என்றாள். அந்த இடத்தில் தமிழ் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. யாரோ நம் பாஷையில் 'வாங்க' என்று கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மிக்சர் பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி, "வந்துட்டேம்மா! நீங்க எந்த ஊரு?" என்றேன். அந்த அம்மாள் பயந்து பின்வாங்கினாள்.

உள்ளேயிருந்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். கன்னத்தில் கறுப்பாகப் படரும் மங்குக்கு மராத்தியில் 'வாங்' என்று பெயராம். விருந்தாளியைக் கூப்பிடும் வார்த்தை இங்கே தோல் வியாதி! நான் எதற்காக ஓடிவந்தேன் என்று டாக்டர் அவளுக்கு எடுத்துச் சொன்னதும் அவள் பயம் போய், என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: "ஐயோ பாவம், இவரை வீட்டிலே கூப்பிட ஆளில்லையா?"

மாமியார் வீட்டுப் புள்ளி

பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்குக் கீழ் உதட்டோரம் வட்டமாக ஒரு கரும்புள்ளி. மாமியார் ஊருக்குப் போய்வந்தால் கறுக்கும், மெல்ல வெளிறும், அடுத்த தடவை போனால் அதே இடத்தில் மறுபடி கறுக்கும். மாமியார் சோற்றில் ஏதோ வைக்கிறாள் என்று அவர் சத்தியம் செய்யாத குறை. டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அங்கே நெய்யொழுகப் போளியாகத் தின்றுவிட்டு, வயிறு கல்லாகி, பேதி மாத்திரை போட்டுக்கொள்கிறார். சிலருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் புள்ளி விழும். களிம்பு தேவையில்லை, மாத்திரையை விட்டால் போதும் என்றார் டாக்டர்.

எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமையாக இருந்தது. மத்தியானம் பஸ் ஏறினால் சாயங்காலம் மாமியார் வீடு! எனக்கோ நாள்கணக்கில் ரயில். அவர் எங்கள் இருவரையும் கெஞ்சினார்: "மாத்திரையை விட்டுடறேன். ஆனா என் பெண்டாட்டிகிட்டே மட்டும் சொல்லிடாதீங்க, இத்தனை நாள் அவ அம்மாவைத் திட்டினதெல்லாம் வீணாப் போயிடும்!"

இறங்கியவன் ஒருவன்தான்

கோமதியின் தம்பி முருகன் கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். லீவில் ஊருக்குப் போனவன், திரும்பும்போது அக்காவையும் குழந்தையையும் அழைத்து வருவதாக ஏற்பாடு. நான் சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் தனி அறை பிடித்து, ஸ்டவ் வாங்கி, உத்தரத்தில் தொட்டில் கயிறுகூடக் கட்டிவிட்டேன். ஸ்டேஷனில் ரயில் நின்றது. முருகன் கையில் ஒரு முறுக்கு டின்னோடு தனியாக இறங்கினான். பிரசவத்துக்குப் போன இடத்தில் கோமதிக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறதாம். "அக்கா வரமாட்டேன்னுட்டா அத்தான். 'ஊரு மூஞ்சிக்கெல்லாம் மருந்து குடுக்கிறவரு முன்னால இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிக்கமாட்டேன்'னு ஒரே அழுகை."

டாக்டர் தராத களிம்பு

மறுநாள் காலை டாக்டரிடம் நிறம் வெளுக்கிற களிம்பைக் கேட்டேன். "பால் கொடுக்கிறாளா?" என்றார். ஆமாம் என்றதும் அலமாரியைச் சாத்திவிட்டார். கர்ப்பத்தின்போது உடம்பில் ஏற்படும் மாற்றத்தால் வருவது அது. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தால் தோல் புண்ணாகி, ஆறின இடமும் கறுத்துப் போகும். நிழலும் முக்காடும்தான் மருந்து. சிலருக்கு முழுதும் போகாமலும் இருக்கலாம் என்றார். "எப்போ சார் போகும்?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாது. ஆனா உன் பெண் தவழறதை நீ பார்க்கணும்னா, அவளை இப்பவே வரச்சொல்லு."

ஸ்டேஷனில் நடந்த வைத்தியம்

டாக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்கு எழுதினேன். கடைசியில், 'மங்கு போகிற வரைக்கும் பிள்ளை வளராமல் காத்திருக்காது. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்' என்றும் எழுதினேன். தை மாதம் மாமனாரோடு வந்து இறங்கினாள். குழந்தையைக் கன்னத்தோடு அணைத்து முகத்தை மறைத்திருந்தாள். நான் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டதும் மறைக்க ஒன்றுமில்லாமல் நின்றாள். மங்கு இருந்தது. அவள் என்னெதிரில் நிற்கிறாள் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அவளோ என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். மருந்துப் பாட்டில்களோடு தினமும் மத்தியான வெயிலில் வெறுந்தலையாகப் பிம்ப்ரிக்குச் சைக்கிள் மிதித்ததில் என் கன்னமேடு இரண்டும் கறுத்துப் படர்ந்திருந்தன. என் அறையிலிருந்த சின்னக் கண்ணாடித் துண்டில் மீசைக்கு மேல் எதுவும் தெரியாது; நான் கவனித்ததே இல்லை. அப்பா பக்கத்தில் நிற்பதையும் மறந்து அவள் பிளாட்பாரத்திலேயே சிரித்துவிட்டாள். "நான் பிள்ளை பெத்தேன், எனக்கு வந்துச்சு. நீங்க என்னத்தப் பெத்தீங்க?"

ஊரார் முகத்துக்கெல்லாம் நிழல் தேடச் சொன்ன கம்பவுண்டருக்கு ஒரு தொப்பி வாங்கி மாட்டிவிட, பெண்டாட்டிதான் தென்காசியிலிருந்து ரயிலேறி வரவேண்டியிருந்தது.