கெட்டிலை வெளியே தள்ளிய வீடு

நோல்ஃபா வெஞ்சூர் இருபது வருடம் நின்றுகொண்டே சிப்பி உடைத்தவள். இப்போது வயது ஐம்பத்து மூன்று. ஊர் ஒன்று சொன்னால் இவள் வேறொன்று செய்வாள் என்பது சிலி நாட்டுச் சிலோவே தீவில் எங்கள் கரை முழுக்கத் தெரியும்.

மேட்டில் மரக்கால்கள் மேல் நிற்கும் அவள் வீட்டுக்குப் பழைய தரையைப் போட்டவன் அவள் புருஷன். ஊரைக் கூட்டி, ஆட்டை வெட்டி, காயாத பச்சைப் பலகையை ஒரே நாளில் ஆணியடித்து முடித்தான். அடுத்த கோடையில் பலகை சுருங்கி விரல் நுழையும் சந்து விட்டது. கரண்டி தவறி விழுந்தால் வீட்டுக்கு அடியில் மேயும் கோழி தூக்கிக்கொண்டு ஓடும். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகியும் சந்து வழியாக ஏறும் குளிர் போகவில்லை.

போன வருடப் புயலில் அவள் அப்பா நிலத்தின் கடைசி மாஞ்ஞியோ மரம் சாய்ந்தது. மில்லில் கொடுத்து அறுத்து வாங்கினாள். ஒன்றரைச் சாண் அகலத்தில் பதினெட்டுப் பலகை. இன்னொரு மரம் கிடையாது. கெடுத்தால் கெட்டதுதான்.

"அகலப் பலகை இந்த ஈரத்துல வளைஞ்சு படகாயிரும். ஒடுக்கமா மெஷின் பலகை வாங்கிப் போடு" என்றார்கள் ஊரார்.

"படகானா மீன் புடிக்கப் போறேன். உங்களுக்கென்ன?"

முதலில் வீட்டுக்கு அடியில் அடுக்கியிருந்த விறகையெல்லாம் வாரி வெளியே போட்டாள், காற்று ஓடட்டும் என்று. கோழிகளை விரட்டினாள். தவழ்ந்து போய் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிப் பார்த்து, மக்கிய இரண்டை மாற்றினாள். பலகைகளை அடுப்பறையில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, அடுப்பை அணையவிடாமல் எரித்தாள். மில்காரன் சொன்னபடி பலகையில் ஒரு துண்டு வெட்டி, தினமும் காலையில் பாலாடைக்கட்டித் தராசில் வைத்து நிறுத்தாள். எடை இறங்குவது நின்றால் பலகை காய்ந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் பழைய தரையில் கைவைப்பது.

தம்பி எதூலியோ தச்சன். ஜூன் கடைசியில் தெற்கே வேலைக்குக் கிளம்புகிறவன்.

"சான் ஹுவான் திருவிழாவுக்குள்ள அடிச்சிருவோம்க்கா" என்று கூட்டாளிகளோடு தினமும் வந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் துண்டின் எடை ஏறியிருந்தது. தராசைத் தட்டினாள். மறுபடி நிறுத்தாள். ஏற்றம்தான்.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே கம்பியில் வந்தவர்களின் ஏழு கம்பளிப் போர்வைகள் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தன. அடுப்பில் கெட்டில் ஆவி கக்கியது. மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றி ஆள் மாற்றி ஆள் உறிஞ்ச, விடிந்ததிலிருந்து அது இறங்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடியது.

"அடப் பாவிகளா! நான் காயப் போடுறேன், நீங்க வேக வைக்கிறீங்களா?"

கெட்டிலைத் தூக்கி வெளியே புகைக் கொட்டகையில் வைத்தாள். போர்வைகள் பின்னாலேயே பறந்தன.

பக்கத்து வீட்டு ஓர்ஃபெலினாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, வந்தவளுக்கு ஒரு வாய் மாத்தே குடுக்காத வீடு இந்தத் தீவுலயே கெடையாது."

"இப்ப ஒண்ணு இருக்கு. எண்ணி வச்சுக்க."

திருவிழா முடிந்தது. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் நாளைக்குப் படகு ஏறிருவேன்க்கா. அப்புறம் யாரு ஆணி அடிப்பா, உன் கோழியா?"

"அடிக்கட்டும். அதுக்கு அவசரம் கெடையாது."

அவன் போனான். ஊரும் வருவதை நிறுத்தியது. அடுப்பும் அவளும் தராசும்தான் மிச்சம். ஜூலைக் கடைசியில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் முள் ஒரே இடத்தில் நின்றது. ஆறாம் நாள் கடப்பாரையை எடுத்துப் பழைய தரையைப் பெயர்த்தாள்.

சத்தம் கேட்டு ஓர்ஃபெலினா வாசலில் வந்து நின்றாள். கையில் சுத்தியல்.

"மாத்தே குடிக்க வரல. சண்டை போடத்தான் வந்தேன். எந்த முனையப் புடிக்கணும்?"

இரண்டு பேரும் நான்கு நாளில் போட்டு முடித்தார்கள். மரம் மழைக்காலத்தில் உப்ப இடம் வேண்டுமென்று சுவரோரம் சுற்றிலும் விரலளவு விட்டார்கள்.

கோடை வெயில் காய்ந்த பிப்ரவரியில் எதூலியோ திரும்பி வந்தான். நுழைந்ததும் முட்டி போட்டு, பையிலிருந்து இருந்ததிலேயே மெல்லிய காசை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் சொருகிப் பார்த்தான். பதினேழு இணைப்பு. ஒன்றில்கூட நுழையவில்லை.

நோல்ஃபா அவன் தலைக்கு மேலே நின்றாள். "தேடு, தேடு. சுவரோரம் நுழையும், அது நானே விட்டது."

"தண்ணி கொதிக்குதாக்கா?"

"கெட்டில் அடுப்பு மேல வந்தாச்சு. மொதல்ல செருப்பக் கழட்டு."