முறைத்தண்ணீர்ச் செயலிக்கு மூன்று சால்வை

எங்கள் வாய்க்காலில் யாருக்கு எப்போது முறைத்தண்ணீர் என்று செல்போனில் காட்டும் செயலியை எழுதியவள் தேவாரம் ஊர்க்காரி. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். செயலி இலவசம். அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்தாள். எங்கள் ஊரான மார்க்கையன்கோட்டையில் அதைப் பார்க்காமல் மடை திறந்தவர் இல்லை. நன்றி சொன்னவரும் இல்லை. பிழை என்றால் மட்டும் விடியுமுன் கூப்பிடுவார்கள்.

போன வருடம் செயலியிலேயே ஓர் அறிவிப்பு வைத்தாள். சர்வர் வாடகை கையைக் கடிக்கிறது, இதற்கென்றே ஒரு வங்கிக் கணக்கு திறந்திருக்கிறேன், பயன்படுத்துபவர்கள் அதில் மாதம் முப்பது ரூபாய் போட்டால் தொடர்வேன், இல்லாவிட்டால் இந்தப் போகத்தோடு நிறுத்திவிடுவேன்.

பாசனச் சங்கம் கூடியது. நீர்ப்பாசனப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தீர்மானம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

"இலவசம்னு சொல்லித்தான குடுத்தாக?" என்றார் ஒருவர்.

"மைக்குல பேரு வாசிக்காம எப்படிய்யா பணம் குடுக்குறது?" என்றார் தலைவர். "விசேஷம்னா மொய் எழுதலாம்."

வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் மாதாமாதம் அவர்களே பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

"அது கரண்டு பில்லு மாதிரில்ல இருக்கு!"

ஆகவே விசேஷம் உண்டாக்கப்பட்டது: பாராட்டு விழா. வந்த மொய் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் கறிச்சோற்றுக்கும் போனது. பிளக்ஸில் நாற்பது தலைகள். அவள் தலை இல்லை. போட்டோ கேட்க மறந்துவிட்டார்களாம். அவளுக்கு மூன்று சால்வை. இதற்கான தீர்மானத்தை ஒரு பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான்.

"சால்வைய வச்சு சர்வர் ஓடாதுங்கய்யா," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி நிறுத்தினாள். அடுத்த போகத்தில் ஒரே மடைக்கு மூன்று பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். தலைவர் போனில் கத்தினார்: "ஏத்தா, இங்கன அடிதடியா கெடக்கு!"

"நிரல் தெறந்துதான் கெடக்கு. ஆள் வச்சு ஓட்டிக்கங்க தலைவரே."

திறந்து பார்த்தார்கள். "பூராம் இங்கிலீசு" என்று ஆராய்ச்சி முடிந்தது. அவளுக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்கள். மறுத்துவிட்டேன்.

மறுநாள் வங்கிக்குப் போய், ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்த அந்தப் படிவத்தை முதல்முறையாக நானும் நிரப்பினேன். கணக்கு எண் கேட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கணக்க மூடிட்டேங்கய்யா," என்றாள். "ஒரு வருசமா அதுல யாருமே போடல."